கற்றறிந்த தீர்ப்பு

நுழையும்முன்

அறியாமை குற்றமன்று, அறிய மறுப்பதே குற்றம். இதனைத் தம் செயலால் உணர்த்தினார் நீதியரசர் ஒருவர்.

பாலின மாறுபாடுடையோரைக் குறிக்கும் சொற்களைத் தொல்காப்பியர் உயர்திணையிலேயே வைத்தார். இலக்கணம் தந்த அவ்விடம் வகுப்பறையில் எளிதில் கிடைப்பதில்லை. குரலுக்காகவும் நடைக்காகவும் எள்ளப்படும் மாணவர் கழிப்பறைக்குச் செல்லவும் அஞ்சுவார். நாளடைவில் பள்ளியையே துறப்பார்.

2021ஆம் ஆண்டில் மதுரையைச் சேர்ந்த இளம்பெண்கள் இருவர், இணைந்து வாழப் பாதுகாப்பு வேண்டிச் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினர். நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்குப் போதிய தெளிவில்லை என வெளிப்படையாகக் கூறினார். உளவியலாளரிடம் மாணவராக அமர்ந்து கற்றார். அதன் பின்னரே ஜூன் 7 அன்று ஆணை பிறப்பித்தார்.

அவ்வாணை பள்ளி, கல்லூரிகளுக்கும் வழிகாட்டியது. பெற்றோர் ஆசிரியர் கழகம் வாயிலாகப் பெற்றோருக்குப் புரிதல் ஏற்படுத்துதல், அனைவருக்கும் பொதுவான கழிப்பறை அமைத்தல், திருநர் தம் கல்விச் சான்றுகளில் பெயரையும் பாலினத்தையும் மாற்றிக்கொள்ள வழிசெய்தல், விண்ணப்பங்களில் அவர்களுக்கெனத் தனி இடம் ஒதுக்குதல், பரிவுள்ள ஆலோசகரை அமர்த்துதல் ஆகியவை அவற்றுட் சில. திருநருக்குப் பாகுபாடற்ற கல்வி வழங்குவதை 2019ஆம் ஆண்டுச் சட்டமும் கடமையாக்கியுள்ளது.

சென்னைக்கும் தேனி மாவட்டத்து அனுமந்தன்பட்டிக்கும் இந்நெறி ஒன்றே. கழிப்பறை கட்ட ஆணை போதும். ஏளனச் சிரிப்பை நிறுத்த, அருகில் அமர்ந்திருக்கும் மாணவர்தாம் மனம்வைக்க வேண்டும்.

கற்பவை கற்றபின்

எவரும் அஞ்சாமல் பயில உங்கள் பள்ளியில் செய்யவேண்டிய மாற்றங்கள் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.