அறிவிக்காத பிராப்பர்ட்டி: யாருக்கு எந்த வழி?

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து நிறுவைப் பதிவு எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 'பொதி' என்று ஒரு கிளாஸ். அதில் முறையாக அறிவித்திருப்பது எடை மட்டும். மழை நாளில் ஈரத்துக்காகக் கழித்ததையும் பதிய வேண்டும் என்கிறார் கிராணி. நிரலர் அவசரத்தில் $பொதி->ஈரக்கழிவு = 2; என்று எழுதிவிடுகிறார். (பிஎச்பி தமிழ்ப் பெயர்களை ஏற்கும், இது ஓடக்கூடிய வரிதான்.) கிளாஸில் இல்லாத அந்தப் பிராப்பர்ட்டியைப் பிஎச்பி தானே உருவாக்கிக்கொள்ளும். அடுத்த மாதம் வேறொருவர் ஒற்றை விட்டு $பொதி->ஈரகழிவு என்று எழுதினால் அதையும் உருவாக்கிக்கொள்ளும். கணக்கு மட்டும் இடிக்கும்.

இந்தத் தாராளத்துக்குத்தான் 2022 டிசம்பர் 8 அன்று வெளியான பிஎச்பி 8.2 முற்றுப்புள்ளி வைக்கத் தொடங்கியது. நிகிதா பொப்போவ் கொண்டுவந்த முன்மொழிவின்படி, இப்போதைக்கு 'வழக்கொழிகிறது' என்ற எச்சரிக்கை மட்டும் வரும், நிரல் ஓடும். 9.0-இல் அதுவே பிழையாகி நிரல் நின்றுவிடும். 8.1-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 முடிவோடு நின்றுவிட்டதால் பழைய பதிப்பிலேயே உட்கார்ந்திருப்பதை நான் ஒரு வழியாகக் கணக்கில் எடுக்கவில்லை.

எந்த வழி என்பதை ஒரே கேள்வி முடிவுசெய்துவிடும்: இந்தக் கிளாஸில் எழுதுவது நீங்கள் மட்டுமா, ஊராருமா?

நீங்கள் மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், பிராப்பர்ட்டியை அறிவித்துவிடுங்கள். ஒரே ஒரு கவனம் தேவை. அறிவித்த கணத்திலிருந்து அது எல்லாப் பொதியிலும் இருக்கும். வெயில் நாளின் பொதியை ஜேசனாக மாற்றினால், முன்பு வராத ஈரக்கழிவு இப்போது 'நல்' மதிப்போடு வந்து நிற்கும். அந்த ஜேசனை வாங்கும் கைப்பேசிச் செயலி அதற்குத் தயாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கிளாஸைப் பிறர் நீட்டித்து எழுதுகிறார்கள் என்றால் கதை வேறு. 'அறிவித்துவிட்டால் யாருக்கும் பாதகமில்லை' என்ற பொதுவான அறிவுரை இங்கேதான் தடுக்கி விழுகிறது. தாய் கிளாஸில் ஈரக்கழிவை 'பப்ளிக்' ஆக அறிவிக்கிறீர்கள். எங்கோ ஒருவருடைய சேய் கிளாஸில் அதே பெயர் 'பிரைவேட்' ஆக ஏற்கெனவே இருந்தால் அவருடைய தளம் அப்படியே படுத்துவிடும்; சேய் தன் அணுகலைத் தாயைவிடச் சுருக்க முடியாது என்பது மொழியின் விதி. தாயில் டைப் இல்லாமல் சேயில் இருந்தாலும் இதே கதிதான். வெறும் எச்சரிக்கையைத் தவிர்க்கப் போய் உயிர்போகும் பிழையை வாங்கிக்கொடுத்திருப்பீர்கள்.

அப்படிப்பட்ட நூலகங்களுக்கு அலவ்டைனமிக்பிராப்பர்ட்டீஸ் என்ற அட்ரிபியூட்டே இப்போதைக்குச் சரி. கிளாஸின் தலையில் ஒரு வரி, அவ்வளவுதான். சேய் கிளாஸ்களுக்கும் தானாகச் செல்லும். தனி வரியில் எழுதினால் பிஎச்பி 7 அதைக் குறிப்புரை என்றே கடந்துபோகும், ஏனென்றால் அது # குறியில் தொடங்குகிறது. ஒற்றுப்பிழையை மட்டும் இது பிடித்துத் தராது. எனவே இதைப் போடும்போதே எந்தப் பதிப்பில் எடுப்பீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாத அட்ரிபியூட் நிரந்தரமாகக் குடியேறிவிடும்.

மாய மெத்தட்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காத வழி. கெட், செட், இஸ்செட், அன்செட் நான்கையும் எழுத வேண்டும். பிராப்பர்ட்டிக்குள் ஒரு பட்டியல் இருந்து, $பொதி->குறிப்புகள்[] = 'மழை'; என்று யாராவது சேர்க்கப்போனால், கெட் மெத்தட் மதிப்பை ரெஃபரன்ஸாகத் திருப்பாதவரை 'மழை' எங்கும் சேராது. ஆனாலும் வேர்ட்பிரஸ் போன்ற பெரும் சொத்துக்கு இதில் நியாயம் உண்டு. 2023 நவம்பரில் வந்த 6.4 பதிப்பில், நிர்வாகப் பக்கத்துப் பட்டியல்களை வரையும் கிளாஸ் உள்ளிட்ட சிலவற்றில் அவர்கள் இதைத்தான் கையாண்டார்கள். பழைய பெயர்களுக்கு ஒரு பட்டியல். அதில் உள்ளவை முன்போலவே நடக்கும், வெளியே உள்ளவற்றுக்கு எச்சரிக்கை. தானா ராத்தாவில் ஒரு ஹோம்ஸ்டே தளம் வேர்ட்பிரஸில் ஓடினால், அதன் உரிமையாளர் செய்ய வேண்டியது பிளக்இன்களைப் புதுப்பிப்பது மட்டுமே.

அடுத்தவருடைய ஆப்ஜெக்டில் உங்கள் தகவலை ஒட்டவைக்க வேண்டுமென்றால் அதைத் தொடாதீர்கள். பிஎச்பி 8.0 முதல் வீக்மேப் இருக்கிறது: ஆப்ஜெக்டே சாவி, உங்கள் தகவல் மதிப்பு. ஆப்ஜெக்ட் போனால் பதிவும் போய்விடும்.

எந்த வழியானாலும் எச்சரிக்கைகளைத் திரையில் காட்டாமல் லாக் கோப்புக்கு அனுப்புங்கள். ஜேசனுக்கு நடுவே ஒரு எச்சரிக்கை வரி விழுந்தால் அதை யாராலும் படிக்க முடியாது. சோதனைத் தளத்தில் 8.2-ஐ ஒரு முழு மாதமாவது ஓடவிடுங்கள். எச்சரிக்கை அந்த வரி ஓடும்போதுதான் வரும். சம்பளக் கணக்கு நிரலோ மாதத்துக்கு ஒருமுறைதான் ஓடுகிறது.