வினய பாடம்: பால் மாறிய பிக்கு

மௌலா அலியில் வாழும் உபாசிகை ஒருவர் நமக்கு வினா விடுத்துள்ளார். மகனென வளர்த்த பிள்ளை, பதினேழாம் அகவையில், தான் மகளே என்று கூறிவிட்டதாம். தெருவிலுள்ள தமிழ்ச் சிறுவர் ஊர்ப் பெயரின் பின்பாதியைச் சொல்லியே எள்ளுகின்றனராம். "இது முற்பிறவித் தீவினையோ? மறைத்து வைப்பதோ?" என்பது அன்னையாரின் கேள்வி.

முதலில் அப்பெயரைப் பற்றி. அங்குள்ள அலி என்பது அரபுச் சொல். உயர்ந்தோன் எனப் பொருள்படும். குதுப்ஷாகி அரண்மனையில் ஊழியம் புரிந்த, ஆண்மை நீக்கப்பெற்ற யாகூத் என்பவர் கனவில் அக்குன்றின்மேல் ஹஜ்ரத் அலியைக் கண்டார் என்றும், மறுநாள் பாறையில் கைச்சுவடு இருக்கக் கண்டார் என்றும் தர்காவின் வரலாறு வழங்குகிறது. யாகூத்தைத் திருநங்கை என்று நாம் கூறவில்லை. ஆயினும் எள்ளுவோர் இக்கதையைக் கேட்டிருத்தல் நன்று.

இனி வினயத்துக்கு வருவோம். பாராஜிகப் பகுதியில் ஒரு நிகழ்ச்சி உளது. பிக்கு ஒருவருக்குப் பெண்ணுருத் தோன்றிற்று. செய்தி பகவன் புத்தரிடம் சென்றது. அவர் காரணம் வினவினாரல்லர், கடியவுமில்லை. அதே உபாத்தியாயர், அதே உபசம்பதை, அதே துறவாண்டுகளோடு பிக்குணிகளிடம் சேர்க என்று அனுமதித்தார். பிக்குணிக்கு ஆணுருத் தோன்றியபோதும் அவ்வாறே. இருபதாண்டு துறவியாயிருந்தவர் மறுநாளும் இருபதாண்டுத் துறவியே. புதியவராய்க் கடைசி வரிசையில் அமர வேண்டுவதில்லை. அங்கு மாறியது உடல்; இங்கோ உடல் அவ்வாறிருக்க உள்ளம் தன்னை அறிந்து உரைக்கிறது. இரண்டும் ஒன்றென்று சாதிக்க மாட்டோம். ஆனால் ஆள் அவரே என்பது இரண்டிடத்தும் மெய்.

பண்டகருக்குத் துறவு மறுக்கும் விதியும் அதே பிடகத்தில் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. அது சங்கத்துட் புகுவதற்கான விதி, இல்லறத்தார்க்கு உரியதன்று. உரைகாரர் வகுத்த ஐவகைப் பண்டகருள் தன்னைப் பெண்ணென உணர்ந்தவர் என்றொரு வகையும் இல்லை.

தீவினையோ எனின், நுகர்வன யாவும் முன்வினைப் பயனே என்போர் கூற்றை மோலியசீவகனிடம் பகவன் மறுத்தார். பித்தம், சிலேத்துமம், வாயு, பருவ மாற்றம் முதலியனவும் காரணமாம் என்றார். பிள்ளையினது நிலையை நோயென்பதற்காக இதனைச் சொல்லவில்லை. பழியைப் பழம்பிறவியில் ஏற்ற வேண்டா என்பதற்கே.

மறைத்தலுக்கு அன்னையார் அஞ்சுவதில் வியப்பில்லை. ஹைதராபாத் சமஸ்தானத்தில் 1919-இல் (பசலி 1329) ஒரு சட்டம் எழுந்தது. நகரில் வாழும் இத்தகையோருள் ஐயுறப்பட்டவர் பெயரும் இருப்பிடமும் பதிவேட்டில் ஏறும். பதிவானவர் பெண்ணுடையோ அணிகலனோ பூண்டு தெருவில் காணப்படின் வாரண்டின்றியே கைது. ஈராண்டு வரை சிறை. இவர் இன்னார் என்பதை மருத்துவச் சோதனையால் துணியவும் அச்சட்டம் இடம் தந்தது. சமஸ்தானம் போயிற்று, சட்டம் ஏட்டில் நின்றது! வசந்தா மொக்லி முதலியோர் தொடுத்த வழக்கில், 2023 சூலை 6-ஆம் நாள்தான் தெலங்கானா உயர்நீதிமன்றம் அதனை நீக்கிற்று. அதற்கு முன்பே, 2014 ஏப்பிரல் 15-இல், தம் பால் இன்னதென்று ஒருவர் தாமே உணர்ந்துரைப்பது போதும், அறுவை தேவையில்லை என்று உச்சநீதிமன்றம் கூறியிருந்தது.

அம்மா, தங்கள் பிள்ளை தேர்ந்த பெயர் யாதென அறிந்து அப்பெயரால் அழைக்கத் தொடங்குக. இழிசொல் வேண்டா, திருநங்கை என்னும் நற்சொல் நம் மொழியில் உளது. வரும் பௌர்ணமிக் கூட்டத்துக்கு இருவரும் வருக. மகளிர் வரிசையில் இரண்டு பாய் விரித்து வைப்போம்.