உள்ளங்காலுக்கு ஒரு பயிற்சி

கேள்வி: பரதம் பயிலும் என் மகளுக்குத் தட்டடவு முடிந்ததும் உள்ளங்கால் வலிக்கிறது. இயன்முறை மருத்துவத்தில் வழி உண்டா?

பதில்: உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் பதிக்கட்டும். விரல்களை மடக்காமல், பாதத்தின் முன்பகுதியைக் குதிகாலை நோக்கி இழுத்தால் உள்ளங்கால் வளைவு எழும்பும். 5 விநாடி அப்படியே வைத்திருந்து தளர்த்த வேண்டும், 10 முறை. விரலை மடக்கினால் பாதத்தின் சிறு தசைகளுக்குப் பதில் கெண்டைக்கால் தசைதான் உழைக்கும். பலரும் தவறுவது இங்கேதான். பழகியபின் நின்றபடி செய்யலாம், பிறகு ஒற்றைக்காலில்.

பாதங்களைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டியையும் பாருங்கள். தொடை இடுப்பிலிருந்து திரும்பாமல் பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் வளைவு அமுங்கிவிடும். அதைத் திருத்தாமல் பயிற்சி மட்டும் செய்து பயனில்லை. சிமென்ட் தரையில் தட்டுவதைக் குறைப்பது நல்லது. எலும்பில் ஒரே இடத்தைத் தொட்டாலே வலித்தால், ஆட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.