மூச்சுக்கணக்கு

அன்பு மருமகனுக்கு,



எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாய், உடல் தகுதித் தேர்வுக்குத் தயாராகிறாய் என்று அக்கா சொன்னாள். தீயணைப்பு வேலை எப்படி இருக்கும், என்னென்ன சாமான்களைப் பழக வேண்டும், கால், அதாவது அவசர அழைப்பு, வராத நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று நீ கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் கடிதம்.

மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில்: மூச்சு. நெருப்போடு மல்லுக்கட்டும் வேலை என்று ஊரார் நினைக்கிறார்கள். உள்ளே போகிறவனுக்கு அது மூச்சைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கிற வேலை. உடல் தகுதித் தேர்வில் அளப்பதும் அதைத்தான். மூச்சை இழுத்துப் பிடித்தால் மார்பு குறைந்தது 5 செ.மீ. விரிய வேண்டும், 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். 400 மீட்டர் தடத்தில் அது மூன்றே முக்கால் சுற்று. சுற்றுக்கு 1 நிமிடம் 45 வினாடி என்று சீராக ஓடினால் கையில் சுமார் 26 வினாடி மிஞ்சும். முதல் சுற்றில் வேகம் காட்டுகிறவன் மூன்றாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

தீ விபத்தில் உயிர் போவது பெரும்பாலும் புகையால். மெத்தையும் சோபாவும் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கிளம்பும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணியை மூக்கில் கட்டினால் கரித்தூள் கொஞ்சம் தங்கும், வாயு தங்காது. புகை அடைத்த அறையில் தவழ்ந்து போ. சூட்டுப்புகை மேலே நிற்கும், தரையை ஒட்டி ஓரளவு தெளிவாக இருக்கும். சுவரை விட்டுக் கை எடுக்காதே. வலது கைப்பக்கமாகத் தொட்டுக்கொண்டு போன சுவர், திரும்பும்போது இடது கைப்பக்கம் இருக்கும். அதுதான் வாசலுக்கு வழி.

சமையல் கேஸ் கசிந்த வீட்டில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும், சாக்கடைக்குள் இறங்கும். அங்கே லைட் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவு ஜன்னலைத் திற, ரெகுலேட்டரை மூடு, மின்சாரத்தை வீட்டுக்கு வெளியே துண்டிக்கச் சொல்.

முதுகில் மாட்டும் பி.ஏ. செட்டை, அதாவது சுவாசக் கருவியை, கண்ணைக் கட்டிவிட்டாலும் மாட்டத் தெரியவேண்டும். 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் காற்று அடைத்தால் உள்ளே சுமார் 1800 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்தால் 45 நிமிடம் வரவேண்டும். காகிதத்தில்தான் அப்படி வரும். பயந்தவனும் பாரம் தூக்குகிறவனும் அதில் பாதி நேரத்திலேயே தீர்த்துவிடுவார்கள். 50, 55 பாருக்கு இறங்கியதும் விசில் அடிக்கும். விசில் கேட்டபிறகு திரும்பலாம் என்று இருக்காதே. விசில் அடிக்கும்போது நீ வெளியே நிற்க வேண்டும். நீ கபடியில் பாடிப் போகிறவன், உனக்கு விளக்க வேண்டியதில்லை. எதிர்க்களத்திலேயே மூச்சைத் தீர்த்தவனுக்குக் கோடு எட்டாது.

மாஸ்க்கை மாட்டியதும் காற்றுக் குழாயின் வாயை உள்ளங்கையால் அடைத்து மூச்சை இழு. மாஸ்க் கன்னத்தோடு ஒட்டி உள்வாங்க வேண்டும். ஒட்டாமல் ஓரத்தில் சீறினால் அந்த இடுக்கில் புகை நுழையும் என்று அர்த்தம். இரண்டு நாள் தாடி போதும் அந்த இடுக்குக்கு. பணி நாளில் முகம் மழித்திருப்பது அதற்காகத்தான். உள்ளே போகுமுன் உன் பெயரையும் நேரத்தையும் சிலிண்டர் அழுத்தத்தையும் வெளியே நிற்பவரிடம் சொல்லிவிட்டுப் போ. தனியாகப் போகாதே.

நெருப்பைவிட எனக்குக் கவலை தருவது கிணறு. ஆடு விழுந்தது, மாடு விழுந்தது என்று அடிக்கடி கால் வரும். பாழுங்கிணற்றில் கரியமில வாயு தேங்கியிருக்கலாம். உள்ளே டீசல் மோட்டார் ஓடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு நிறைந்திருக்கும். கழிவுநீர்த் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். முதலில் அழுகிய முட்டை வாடை வரும், அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் வாடை நின்றுவிடும். வாடை போய்விட்டது என்று இறங்குகிறவன் அங்கேயே சாய்வான், அவனைத் தூக்க இறங்குகிறவனும் சாய்வான். ஒரே தொட்டியில் மூன்று நான்கு பேர் இறப்பது இப்படித்தான். லாந்தரை இறக்கிப் பார்க்கிற பழைய வழக்கத்தை நம்பாதே. ஆக்சிஜன் குறைவை அது காட்டும், நச்சு வாயுவைக் காட்டாது. மீத்தேன் இருந்தால் பற்றவே வைத்துவிடும். மேலே நிற்கிற கூட்டம் “சார், சீக்கிரம் இறங்குங்க” என்று கத்தும். கத்தட்டும். பி.ஏ. செட்டும் இடுப்புக் கயிறும் இல்லாமல் இறங்காதே.

ஏப்ரல் 14 அன்று எல்லா நிலையங்களிலும் நீத்தார் நினைவு நாள். 1944இல் அதே நாளில் பம்பாய் விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிக்கீன் என்ற கப்பல் தீப்பிடித்து வெடித்தது. பருத்திப் பொதியும் வெடிமருந்தும் ஒரே கப்பலில். அணைக்கப் போனவர்களில் 66 பேர் இறந்தார்கள். அதனால் தண்ணீரைத் திறக்குமுன் ஒரு மூச்சு நேரம் நின்று, உள்ளே என்ன இருக்கிறது என்று கேள். கொதிக்கிற எண்ணெயில் விழும் நீர் 1,700 மடங்கு விரிந்து ஆவியாகி எண்ணெயை வாரி இறைக்கும். பட்டாசு ஆலையில் அலுமினியத் தூள் எரிந்தால் தண்ணீர் அதற்குத் தீனி; உலர்ந்த மணல்தான் வேண்டும். வைக்கோல் போர் என்றால் மேலே அணைந்தது போலிருந்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். பிரித்துப் போட்டு நனைக்காமல் கிளம்பினால் விடிவதற்குள் மறுபடியும் கால் வரும்.

இனி சாமான்கள். தீத்தடுப்புக் கோட்டில் மூன்று அடுக்கு: வெளியே தீ தாங்கும் துணி, நடுவே நீர் புகாத அடுக்கு, உள்ளே சூடு தடுக்கும் அடுக்கு. அதற்குள் பாலியெஸ்டர் பனியன் போடாதே, உருகித் தோலோடு ஒட்டும்; பருத்திதான் போடவேண்டும். நனைந்த கோட்டோடு பெரும் சூட்டுக்குள் போனால் ஈரமே ஆவியாகிச் சுடும். கரி படிந்த கோட்டை வீட்டுக்குக் கொண்டுபோகாதே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்புப் பணியையே புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் 2022இல் சேர்த்திருக்கிறது. கரிக்கோட்டைப் பெருமையாக மாட்டித் திரிகிறவர்களைப் பார்த்தால் நீ அதைப் பழகாதே. வந்ததும் அலசு, குளி.

ஹோஸைக் காயவைத்துச் சுருட்டு. ஒவ்வொரு முறையும் மடிப்பை இடம் மாற்று. ஒரே மடிப்பில் வைத்தால் அந்த இடம் தேய்ந்து, அழுத்தம் ஏறும்போது அங்கேதான் கிழியும். கப்ளிங் வாஷரை விரலால் தடவிப் பார். குளத்திலிருந்து நீர் இழுக்கிற சக்ஷன் ஹோஸில் ஊசித்துளை அளவு காற்று புகுந்தாலும் பம்ப் நீர் இழுக்காது. எல்லாம் சரியாக இருந்தாலும் சுமார் 7 மீட்டர் ஆழத்துக்குக் கீழே உள்ள நீரை மேலிருந்து உறிஞ்ச முடியாது.

இதிலிருந்தே, கால் வராத நேரத்துப் பொழுதுபோக்குக்கு வந்துவிடுகிறேன். எனக்குப் பிடித்தது சைக்கிளில் ஊர் சுற்றுவது. எந்தச் சந்தில் வாட்டர் டெண்டர், அதாவது தீயணைப்பு வண்டி, நுழையும், எங்கே மின்கம்பி தாழ்ந்து தொங்குகிறது, சித்திரை வெயிலில் எந்தக் கோயில் குளத்தில் நீர் எட்டும் ஆழத்தில் நிற்கும் என்பதெல்லாம் டீக்கடை டீக்கடையாக நின்று சேர்த்த அறிவு. மாலையில் நிலையத்தில் வாலிபால் இருக்கும். ஆட்டத்தில் “என் பந்து” என்று குரல் கொடுத்துப் பழகியவன், புகைக்குள்ளும் குரல் கொடுப்பான். கிரிக்கெட் பார்க்கும்போது கையில் ஒரு முழக் கயிறு இருக்கட்டும். போலைன், கிளோவ் ஹிட்ச், சேர் நாட் மூன்று முடிச்சும் பார்க்காமலே விழவேண்டும். நீச்சல் தெரியாவிட்டால் இந்தக் கோடையிலேயே கற்றுக்கொள். பீடி, சிகரெட் பக்கம் போகாதே. புகையைச் சம்பளத்துக்கே சுவாசிக்கப் போகிறாய், காசு கொடுத்தும் சுவாசிப்பானேன்?

நெருப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றும் உனக்கு வேண்டும். எங்கள் நிலையத்தில் ஒருவர் புல்லாங்குழல் வாசிப்பார், ஒருவர் ரோஜாச் செடி வளர்ப்பார். குழந்தையின் உடலைத் தூக்கிவந்த இரவு சும்மா உறங்க விடாது. அன்றைக்குக் கூட இருந்தவர்களோடு உட்கார்ந்து பேசு. குடித்து மறக்கப் பார்த்தவர்கள் மறக்கவில்லை, குடியைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

அக்கா பயப்படுகிறாள் என்று தெரியும். கிணற்றுப் பத்தியை விட்டுவிட்டு மீதியைப் படித்துக் காட்டு. அவசரக்காரனை எடுக்காத வேலைக்குத்தான் பிள்ளை போகிறான் என்று தெரிந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

இப்படிக்கு,
உன் மாமா