கடன்பட்டவர் யாரிடம் பேசுவது?

தமிழில் 'கடன்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. திருப்பித் தரவேண்டிய பணத்தையும் அது குறிக்கும். செய்தே தீரவேண்டிய கடமையையும் குறிக்கும். மனிதன் தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் முன்னோர்களுக்கும் கடன்பட்டவனாகவே பிறக்கிறான் என்னும் கருத்து வேத மரபிலும் உள்ளது. இந்தச் சொல்வழக்கில் ஒரு மேன்மை இருக்கிறது. வாங்கியதைத் திருப்பித் தராதிருப்பது இழுக்கு என்னும் உணர்வைப் பல தலைமுறைகளாக எளிய இல்லங்களில் காத்து வந்தது இதுவே.

ஆனால் அதே உணர்வு, தவணை கட்ட இயலாமல் போன குடும்பத்தை வாய்திறக்க விடாமல் செய்துவிடுவதும் உண்டு. கணவர் வாங்கிய கைமாற்று மனைவிக்குத் தெரியாது. மனைவி மகளிர் குழுவில் எடுத்த கடனின் அளவு கணவருக்குத் தெரியாது. இருவரும் தத்தம் பங்கை மறைத்துக்கொண்டு, ஒரு கடனை அடைக்க வேறொரு கடனைத் தேடுகின்றனர். வெளியே தெரியும்போது, கடன் மூன்று நான்கு இடங்களில் கிளைவிட்டிருக்கும்.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் இது பெருந்துயரமாக வெளிப்பட்டது. நுண்கடன் வசூலிப்போரின் நெருக்கடியைத் தாங்க முடியாமல் மைசூரு, சாமராஜநகர் முதலிய மாவட்டங்களில் குடும்பங்கள் ஊரைவிட்டே வெளியேறின. சிலர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டனர். அவ்வாண்டு பிப்ரவரி 12ஆம் நாள் மாநில அரசு ஓர் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. பின்னர் அது சட்டமன்றத்தில் சட்டமாக நிறைவேறியது. பதிவு பெறாமல் கடன் கொடுப்போர் மிரட்டியோ பின்தொடர்ந்தோ வசூலித்தால் 10 ஆண்டுகள் வரை சிறையும் ரூ. 5 லட்சம் வரை அபராதமும் விதிக்க அது வழிசெய்கிறது. தமிழ்நாடும் அதே ஆண்டில் இத்தகைய சட்டம் ஒன்றை இயற்றியது.

சட்டம் வந்தது நல்லதே. எனினும், சட்டத்தின் உதவியைப் பெறுவதற்கும் கடன்பட்டவர் முதலில் ஒருவரிடம் சென்று பேசியாக வேண்டும்.

ஒரு தாளில் ஒரு குடும்பம்

பெங்களூரில் பொம்மனஹள்ளிப் பக்கம் ஒற்றை அறை வீட்டில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் முன்பு பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் இருந்தவர். வேலை போனபின் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் காவலாளி. கைக்கு வருவது ரூ. 13,000. மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைப்பவர். பிடித்தம் போக ரூ. 11,500. ஆக மாத வருமானம் ரூ. 24,500. வாடகை 6,000, உணவும் எரிவாயுவும் 7,000, பிள்ளைகளின் பள்ளிச் செலவும் பேருந்தும் 2,500, மின்சாரம், கைபேசி 1,000, மருந்து 1,000. இவை போக மீதி ரூ. 7,000.

இப்போது கடன்களைக் காண்போம். இரண்டு மகளிர் குழுக்களில் எடுத்த கடனில் நிலுவை 60,000; மாதத் தவணை 5,200. பழைய வேலையின்போது கணவர் பெற்ற கடன் அட்டையில் நிலுவை 40,000. வட்டி மாதத்திற்கு 3.5 விழுக்காடு, கட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகை 2,000. நகை அடகில் 50,000, வட்டி 500. தெருவில் வட்டிக்கு விடுபவரிடம் 20,000. நூற்றுக்குப் பத்து என்று மாதம் 2,000 வட்டி. மொத்தக் கடன் ரூ. 1,70,000. மாதந்தோறும் தரவேண்டியது ரூ. 9,700. கையில் இருப்பதோ 7,000. ஒவ்வொரு மாதமும் 2,700 குறைகிறது. அந்தக் குறையை நிரப்பக் கைபேசியில் ஒரு கடன் செயலி காத்திருக்கிறது.

நுண்கடன் பற்றி ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்திய நெறிமுறை ஒன்று இங்கே சிந்திக்கத்தக்கது. ஆண்டு வருமானம் ரூ. 3 லட்சத்திற்கு மிகாத குடும்பங்களுக்கு ஈடின்றித் தரப்படும் கடன் நுண்கடன். அக்குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டலாகாது. நம் குடும்பத்திற்குப் பாதி என்பது ரூ. 12,250. அவர்கள் தரவேண்டியது 9,700. விதியின்படி அவர்கள் எல்லைக்கு உள்ளேதான் இருக்கின்றனர், ஆயினும் மூழ்கிக்கொண்டிருக்கின்றனர். விதி வருமானத்தை அளக்கிறது. குடும்பமோ சோற்றுக்கும் வாடகைக்கும் போக மிஞ்சுவதைக் கொண்டு வாழவேண்டியிருக்கிறது. ஆகவே கடன் கொடுக்க ஒருவர் இசைந்தார் என்பதாலேயே, அதைத் திருப்பிக் கட்டும் வலிமை தமக்கு இருக்கிறது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது.

கடன் கொடுத்தவரல்லாத ஒருவர் அருகில் அமர்ந்து இந்தக் கணக்கைப் பார்த்தால், வீட்டார் கண்ணுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும். இருப்பவற்றுள் மிகச் சிறிய கடன் தெருவில் வாங்கிய 20,000தான். ஆனால் மிகுதியான வட்டியை உண்பதும் அதுவே. மிகவும் அஞ்சப்படுவது குழுக்கடன். காரணம், தவணை நாளில் அண்டை வீட்டுப் பெண்களே வாசலில் வந்து நிற்பார்கள். அஞ்சுகிற கடனுக்கு முதலில் கட்டிவிட்டு, அரித்துத் தின்கிற கடனைத் தள்ளிப்போடுவதே பெரும்பாலான வீடுகளில் நிகழ்கிறது.

அடகில் இருக்கும் நகையின் விலை இன்று 80,000 என்று கொள்வோம். அதை மீட்டு விற்றால் அடகுக்கடன் 50,000 தீரும். மீதி 30,000இல் தெருக்கடனின் அசல் 20,000 தீரும். எஞ்சும் 10,000 அட்டைக் கடனைக் குறைக்கும். அதன்பின் மாதந்தோறும் தரவேண்டியது குழுத் தவணை 5,200, அட்டைக்கு 1,500, ஆக 6,700. முதல் முறையாகக் கணக்கு 7,000க்குள் அடங்குகிறது.

எழுதுவதற்கு இது எளிது. அந்த நகை தாய்வீட்டுச் சீராக இருக்கலாம்; மகளுக்கென்று எடுத்து வைத்ததாக இருக்கலாம். அடகில் இருக்கும் வரை அது தம்முடையது என்னும் ஆறுதல் இருக்கிறது. விற்றபின் அந்த ஆறுதலும் போய்விடும். ஆதலின் இந்த முடிவை ஆலோசகர் எடுக்கலாகாது. கணவர் மட்டும் எடுப்பதும் முறையன்று. நகைக்கு உரியவர் முழுக் கணக்கையும் தம் கண்ணால் கண்டபின் எடுக்கவேண்டியது அது. விற்க வேண்டாம் என்று அவர் கூறினால், வேறு வழியைத் தேடுவதே ஆலோசகரின் வேலை.

அட்டைக் கடனில் எஞ்சிய 30,000த்திற்கும் ஒரு வழி உண்டு. குறைந்தபட்சத் தொகை 1,500ஐ மட்டும் கட்டினால், அதில் 1,050 வட்டிக்கே போகும். அந்த வட்டியின்மேல் வரி வேறு. வங்கிக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, நிலுவையைக் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றித் தருமாறு கேட்கலாம். ஆண்டுக்கு 18 விழுக்காட்டில் 24 தவணைகளாக்கினால் அதே 1,500 ரூபாயில் கடன் இரண்டு ஆண்டுகளில் முற்றிலும் தீர்ந்துவிடும். வங்கி கட்டாயம் ஒப்புக்கொள்ளும் என்பதில்லை. ஆனால் தவணை தவறுவதற்கு முன்பே சென்று கேட்பவருக்கு அந்த வாய்ப்பு மிகுதி.

செலவைக் குறைப்பது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இத்தகைய குடும்பத்தில் குறைப்பதற்கு என்ன இருக்கிறது? வரவேண்டியது வருகிறதா என்று பார்ப்பதே பயனுள்ளது. கர்நாடகத்தில் 2023ஆம் ஆண்டில் தொடங்கிய 'சக்தி' திட்டத்தில் மாநிலப் பெண்களுக்கு அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமில்லை. 'கிருஹலட்சுமி' குடும்பத் தலைவிக்கு மாதம் ரூ. 2,000 தரும் திட்டம். குடும்ப அட்டையைத் தமிழ்நாட்டுச் சொந்த ஊரிலேயே விட்டுவந்த தமிழர்கள் இவற்றுள் சிலவற்றை இழந்திருக்கின்றனர். இதுவும் அந்தத் தாளில் எழுதப்படவேண்டிய செய்தி.

உதவி எங்கே இருக்கிறது?

கடன் ஆலோசனை மையங்களை அமைப்பதற்கான முன்மாதிரித் திட்டம் ஒன்றை 2009இல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அளித்தது. அதற்கு முன்னரே பாங்க் ஆஃப் இந்தியா மும்பையில் தொடங்கிய மையத்தின் பெயர் 'அபய்'. அஞ்சாதே என்று பொருள்படும் அந்தப் பெயரைத் தேர்ந்தவர், கடன்பட்டவரின் மனத்தை அறிந்தவராகத்தான் இருக்கவேண்டும். பின்னர் இவை நிதிக் கல்வி மையங்கள் என்னும் வடிவைப் பெற்றன. தம் மாவட்டத்தில் இம்மையம் எங்குள்ளது என்று, கணக்கு வைத்துள்ள வங்கிக் கிளையிலேயே கேட்டறியலாம். இச்சேவைக்குக் கட்டணம் இல்லை.

கட்டணமின்மையை வலியுறுத்தக் காரணம் உண்டு. 'தவணை கட்டுவதை நிறுத்திவிடுங்கள், எங்களுக்குப் பணம் கட்டுங்கள், பாதித் தொகையில் முடித்துத் தருகிறோம்' என்று கூறும் இடைத்தரகர்கள் பெருகிவிட்டனர். பேசி முடிக்கப்பட்ட கடன், முழுதும் செலுத்தப்பட்டதாகக் கடன் வரலாற்றில் பதிவாவதில்லை. குறைத்துத் தீர்க்கப்பட்டது என்றே பதிவாகும். அதற்கு ஒருவர் உடன்படலாம். ஆனால் அறிந்து உடன்படவேண்டும்.

சட்ட உதவிக்குப் பெங்களூரில் சித்தையா சாலையிலுள்ள 'நியாய தேகுல' கட்டடத்தில் கர்நாடக மாநிலச் சட்டப் பணிகள் ஆணையம் இயங்குகிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பெண்களுக்கு வருமான வரம்பு எதுவுமின்றி இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. தொலைபேசி எண் 15100. வங்கிக் கடன் வழக்குகளை லோக் அதாலத்தில் இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளலாம்; அங்கு எட்டிய உடன்பாட்டின்மேல் மேல்முறையீடு இல்லை என்பதால், கட்ட முடிந்த தொகைக்கு மட்டுமே கையொப்பமிடவேண்டும்.

வசூலிக்க வருபவருக்கும் வரம்புகள் உண்டு. நுண்கடனுக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடன்பட்டவரை அழைத்தல் கூடாது; வங்கிகளின் மற்றக் கடன்களுக்கு 2022 ஆகஸ்டில் வகுக்கப்பட்ட வரம்பு காலை 8 முதல் மாலை 7 வரை. நுண்கடன் தவணையை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்திலேயே பெறவேண்டும். கடன்பட்டவர் தொடர்ந்து இருமுறை அங்கு வராவிட்டால் மட்டுமே வீட்டுக்கு வரலாம். மீறினால் முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்து மூலம் முறையிடவேண்டும். 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் அறிய 14448. கடன் செயலிக்காரர்கள் புகைப்படத்தைத் திரித்து மிரட்டினால் 1930 என்னும் எண்ணில் புகார் செய்யவேண்டும். மிரட்டலுக்குப் பணிந்து பணம் அனுப்பலாகாது.

தெருவட்டிக்காரர் விஷயம் இன்னும் கடினமானது. தமிழ்நாடு 2003இலும் கர்நாடகம் 2004இலும் மிகைவட்டியைத் தடை செய்து சட்டம் இயற்றிவிட்டன. ஆயினும் அவர் பெரும்பாலும் அதே தெருவில் வாழ்பவர். வேறெவரும் கொடுக்காதபோது கொடுத்தவர். அசலைத் தீர்க்கும்போது சாட்சி ஒருவரை உடன் அழைத்துச் சென்று, அன்று கையொப்பமிட்டுக் கொடுத்த புரோநோட்டையும் வெற்றுக் காசோலையையும் கையோடு திரும்பப் பெறுவது மிக முக்கியம். கடனைத் திருப்பித் தர உண்மையிலேயே இயலாதவரை அக்காரணத்திற்காகவே சிறையில் அடைக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. ஆனால் காசோலை பணமின்றித் திரும்புவது குற்றவியல் வழக்காகும். வெற்றுக் காசோலையின் ஆபத்து இங்கேதான்.

வேறு நாடுகளில் இன்னும் சில வழிகள் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே முதல், ஆலோசகரை நாடிய கடனாளிக்கு 60 நாட்கள் மூச்சுவிட அவகாசம் தரப்படுகிறது. அந்நாட்களில் பெரும்பாலான கடன்களுக்கு வட்டியும் வசூல் நடவடிக்கையும் நிறுத்தி வைக்கப்படும். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டத்திலும் மிக ஏழைகளுக்குப் 'புதிய தொடக்கம்' என்றொரு பகுதி எழுதப்பட்டது. ஆனால் அது நடைமுறைக்கு வரவில்லை. இது வருந்தத்தக்கது.

இரவில் உறக்கமின்றி, பேசவும் ஆளின்றித் தவிப்பவருக்கு இவை எல்லாவற்றிற்கும் முன்னதாக ஓர் எண் இருக்கிறது: 14416. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 'டெலி மானஸ்' மனநலச் சேவை அது. அதன் தேசியத் தலைமை மையம் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை. தமிழிலும் பேசலாம், எந்த நேரமும் பேசலாம். கடன் தொகையைச் சொல்லவேண்டியதில்லை, பெயரையும் சொல்லவேண்டியதில்லை.

நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்தில் குழுக்கடன் ஏறத்தாழ 13 மாதங்களில் முடியும். அன்றிலிருந்து மாதம் 5,200 ரூபாய் வீட்டிலேயே தங்கும். ஒவ்வொரு கடன் முடிந்ததும் 'பாக்கி இல்லை' என்னும் சான்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளவேண்டும். கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். அதைப் பெற்று, முடிந்த கடன் முடிந்ததாகவே பதிவாகியுள்ளதா என்று கணவனும் மனைவியும் சேர்ந்தே சரிபார்க்கலாம்.