முறத்தின் முதுகு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் கூட வைத்திருந்த பன்னிரண்டு தாள்களும் கிடைத்தன. தாள்களைக் கூடத்தில் பரப்பிவைத்து வெகுநேரம் பார்த்தேன். கோடு சுத்தமாக ஓடுகிறது, வளைவில் கை தயங்கவில்லை. ஆனால் மயிலும் மாங்காயும் தாமரையும் போனில் பார்த்து எடுத்தவை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கீழ்வேளூர்க்காரன் வரைந்தது என்று சொல்ல அதில் ஒரு கோடும் இல்லை. "புது டிசைனுக்கு எங்கே போவது ஐயா?" என்று கேட்டிருக்கிறாய். எங்கும் போகவேண்டாம். மார்கழி பாதி கழிந்துவிட்டது. போகிக்கு முன் உன் வீட்டுப் பரணில் ஏறு.

போகியன்று விடிவதற்குள் கிழிந்த பாயும் ஓட்டைக் கூடையும் முறமும் தெருவில் எரிந்துவிடும். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் வீட்டு ஓடுகள் பறந்து பரண் முழுக்க நனைந்தது. இனி இதெல்லாம் எதற்கு என்று பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டேன். அம்மாவின் பித்தளை முறுக்கு உழக்கும் அதன் வில்லைகளும் அதில் போயின. நட்சத்திர ஓட்டை, மூன்று கண் தேன்குழல், பொடிக்கண் ஓமப்பொடி, ரிப்பன். அத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தும், ஒரு வில்லையைக்கூட வரைந்து வைக்கத் தோன்றவில்லை. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

முறத்தில் தொடங்கு. முன்பக்கம் சாணி மெழுகியோ, வெந்தயமும் காகிதமும் அரைத்த கூழ் பூசியோ இருக்கும். அங்கே ஒன்றும் தெரியாது. முதுகைத் திருப்பு. மூங்கில் பட்டைகள் படிப்படியாகச் சாய்ந்து ஏறுவது தெரியும். அந்தச் சாய்வை உடனே வரைய உட்காராதே. முதலில் எண்ணு. ஒரு பட்டை இரண்டின் மேல் போய் இரண்டின் கீழ் நுழைகிறதா? அடுத்த பட்டை ஓர் இடம் தள்ளித் தொடங்குகிறதா? அப்படியானால் அந்த ஒரு இடத் தள்ளல்தான் படிக்கட்டாகிறது. நடுவில் தள்ளலை எதிர்ப்பக்கம் திருப்பினால் அம்புமுனை வரும். குறுக்கிலும் நெடுக்கிலும் திருப்பினால் வைரக்கட்டம். ஒன்றுவிட்டு ஒன்று நுழைப்பதைவிட இப்படி முடைந்தால் பட்டைகள் நெருங்கி உட்காரும், நொய் ஒழுகாது. முடைந்தவர் அழகுக்கென்று ஒரு பட்டையையும் கூடுதலாகச் செருகவில்லை. நொய் சிந்தக்கூடாது என்ற கவலைதான் அங்கே டிசைனாகியிருக்கிறது.

உன் அம்மாவை முறம் பிடிக்கச் சொல்லிப் பார். புடைப்பது ஒரு அசைவு, கொழிப்பது வேறு, தெள்ளுவது வேறு. ஒவ்வொன்றுக்கும் தானியம் வேறு வேறு கோடாக ஒதுங்கும். அரிசி ஒரு பக்கம், உமி வாய்ப்பக்கம், கல் பின்னால். அந்த ஒதுங்கலையும் வரை. அறுவடை மிஷின் வந்து களத்தில் நெல் தூற்றுவது ஏறக்குறைய நின்றுபோன இந்தப் பக்கத்தில், அந்த அசைவு சமையலறையில் மட்டும்தான் மிச்சமிருக்கிறது.

அடுத்து அளவைப் பாத்திரங்கள். மெட்ரிக் அளவைக்கு 1956இல் சட்டம் வந்தபிறகும் நம் வீடுகளில் அரிசி படியில்தான் அளந்தார்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. அதுதான் நம் படி. எட்டு நாழி ஒரு மரக்கால். கொள்ளளவு இரட்டிக்கிறது என்பதால் வாயும் இரட்டிக்காது. ஒரே வடிவத்தில் செய்திருந்தால் வாய் ஏறக்குறைய கால்பங்குதான் அகலும். ஆழாக்கிலிருந்து மூன்று தடவை இரட்டித்து நாழிக்கு வரும்போதுதான் வாய் இரண்டு மடங்காகும். நான்கையும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்த்து வட்டம் போட்டுப் பார். உன் ஏழாவது தாளில் வட்டங்கள் சம இடைவெளியில் நிற்பதால் செத்துக் கிடக்கின்றன. இந்த இடைவெளியில் போட்டால் மூச்சு விடும். மர மரக்காலுக்கு இரும்புப் பூண் கட்டியிருப்பதையும் கவனி. மரம் வெடிக்கும் இடத்தில்தான் பூண் இருக்கும். உன் பார்டரையும் அப்படிப்பட்ட இடத்தில் போடு.

அம்மிக்கு நேரம் அதிகம் வேண்டாம். கொத்து மழுங்கினால் மிளகாய் வழுக்கும், அதனால்தான் புள்ளி. காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தால் போதும், கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதுபோல. எங்கள் தெருவுக்கு வந்து அம்மி கொத்தியவர் ஓரத்தில் ஒரு மீனையும் கொத்திவிட்டுப் போவார். அதற்குக் கூலி கேட்டதில்லை.

எண்ணு எண்ணு என்று சொல்வது கணக்குப் பாடம்போல இருக்கலாம். வாசலில் புள்ளி வைக்கும் உன் அம்மா கோலத்தைப் படமாகவா மனசில் வைத்திருக்கிறார்? பதினைந்து புள்ளி, எட்டில் நிறுத்து, ஊடுபுள்ளி என்று விதியாகத்தானே வைத்திருக்கிறார். 1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தை இலக்கண விதிகளாக எழுதி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கணினி அறிவியலில் அது இன்றும் பேசப்படுகிறது. படத்தைக் காப்பியடித்தால் ஒரு டிசைன்தான் வரும். விதியைப் பிடித்துவிட்டால் ஆயுசுக்கும் வரைந்துகொண்டே இருக்கலாம்.

முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கு ஒருமுறை போய் வா. தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தி, 1996இல் திறந்தார்கள். ஆனால் வீட்டுப் பரணை முடித்துவிட்டுப் போ. உன் ஊர்க் கேடிலியப்பர் கோயில் மாடக்கோயில், அழகுக்குக் குறைவில்லை. அதன் தூண்களை நிறையப் பேர் வரைந்தாயிற்று. உன் அம்மாவின் முறத்தை இதுவரை யாரும் வரைந்ததில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. அந்த முறத்தை முடைந்த கை யாருடையது என்று அம்மாவிடம் கேள். ஆள் இருந்தால் போய்ப் பார், அவர் முடையும்போது பக்கத்தில் உட்கார். திரும்பும்போது புது முறம் ஒன்று வாங்கு, விலை பேசாதே. நாளைக்கு உன் டிசைன் புடவையில் ஏறினால் அவர் பெயரையும் சொல்லு.

முறத்தின் பின்பக்கத்தை மட்டும் ஒரு தாளில் வரைந்து போகிக்குள் அனுப்பு. பாதி வரைந்திருந்தாலும் பரவாயில்லை. விளிம்பில் கட்டியிருக்கும் முடிச்சை விட்டுவிடாதே. எலி கடித்த இடம் இருந்தால் அதையும் அப்படியே வரை.

அன்புடன்,
உன் பழைய டிராயிங் வாத்தியார்