வெசிக்கோ: இரு உடன்படிக்கைகளுக்கு இடையே ஒரு நீர்மூழ்கி

வேர்சேல்ஸ் உடன்படிக்கை (1919) பற்றிய வினாவுக்கு மாணவர் பலர் நிபந்தனைகளை மனனம் செய்து வரிசையாக எழுதிவிடுவர். அவை நடைமுறையில் எவ்வாறு மீறப்பட்டன என்பதை எழுதுவோர் குறைவு. புள்ளிகள் இழக்கப்படுவது இங்கேதான். இதனை விளக்கப் பின்லாந்தின் வெசிக்கோ என்ற சிறிய நீர்மூழ்கிக் கப்பல் நல்லதோர் உதாரணமாகும்.

அவ்வுடன்படிக்கையின் 191ஆம் உறுப்புரை, ஜேர்மனி நீர்மூழ்கிகளைக் கட்டுவதையும் பெற்றுக்கொள்வதையும் முற்றாகத் தடைசெய்தது. ஆனால் கப்பலை வரைந்த பொறியியலாளரின் அறிவைத் தடைசெய்ய முடியவில்லை. 1922இல் ஜேர்மன் கப்பல் கட்டும் நிறுவனங்கள் ஒல்லாந்தில் ஒரு வடிவமைப்பு நிறுவனத்தை அமைத்தன. வெளிப்பார்வைக்கு அது ஒல்லாந்து நிறுவனம், வேலை ஜேர்மனியருடையது. அந்நிறுவனத்தின் வரைபடத்தின்படி, பின்லாந்தின் தூர்க்கு நகரிலிருந்த கிரைற்றன் வல்கன் தளத்தில் கட்டப்பட்ட ஒரு நீர்மூழ்கி 1933 மே மாதம் நீரில் இறக்கப்பட்டது. அப்போது அதற்குப் பெயர் கூட இல்லை, 707 என்ற தள இலக்கமே இருந்தது. நீளம் ஏறத்தாழ 41 மீற்றர், எடை ஏறத்தாழ 250 தொன், முன்புறத்தில் மூன்று டோபிடோக் குழாய்கள். அதனைப் பரீட்சித்துப் பார்த்தோர் ஜேர்மனியரே. 1935இல் ஜேர்மனி வெளிப்படையாகக் கட்டிய இரண்டாம் வகை நீர்மூழ்கிகளுக்கு இதுவே முன்மாதிரியாயிற்று. அவை அவ்வளவு விரைவாகக் கடலில் இறங்கியதன் இரகசியம் இதுதான்.

1936இல் பின்லாந்து அரசு இக்கப்பலை வாங்கி, நீரோரத்தில் வாழும் ஒரு சிறு விலங்கின் பெயரான 'வெசிக்கோ' என்பதை அதற்குச் சூட்டியது. 1939 - 1940 குளிர்காலப் போரில் அது பின்லாந்து வளைகுடாவில் ரோந்து சென்றதாயினும் எதிரிக் கப்பல் எதனையும் மூழ்கடிக்கவில்லை. அடுத்த போரில், 1941 யூலை 3இல், சூர்சாரித் தீவுக்கு அருகே 'வீபோர்க்' என்ற சோவியத் வணிகக் கப்பலை மூழ்கடித்தது. அதன் சேவைக் காலத்தில் அது மூழ்கடித்த ஒரே கப்பல் அதுவே.

1944 செப்டெம்பரில் பின்லாந்து சோவியத் ஒன்றியத்துடன் போர்நிறுத்த உடன்படிக்கை செய்தது. 1945இல் நேசநாட்டுக் கண்காணிப்பு ஆணைக்குழுவின் கட்டளைப்படி வெசிக்கோவின் ஆயுதங்கள் அகற்றப்பட்டன. 1947 பரிஸ் சமாதான உடன்படிக்கையின்படி பின்லாந்து நீர்மூழ்கிகளை வைத்திருக்கலாகாது. ஒரு தடையைத் தாண்டவே பிறந்த கப்பல் இன்னொரு தடையால் ஓய்வு பெற்றது. பின்லாந்தின் ஏனைய நான்கு நீர்மூழ்கிகளும் பழைய இரும்பாக விற்கப்பட, இது மட்டும் தப்பியது. 1973 முதல் ஹெல்சிங்கிக்கு அருகே சுவோமென்லின்னா கோட்டைத் தீவில் அருங்காட்சியகமாக உள்ளது. 1990இல் பின்லாந்து அவ்வுடன்படிக்கையின் படைசார் கட்டுப்பாடுகள் இனிச் செல்லாதென அறிவித்தது. எனினும் அதன் பின்னரும் நீர்மூழ்கி எதனையும் வாங்கவில்லை.

பயிற்சி வினா: வேர்சேல்ஸ் உடன்படிக்கையின் படைசார் நிபந்தனைகளை ஜேர்மனி 1935இற்கு முன்னரே மீறியது என்பதை வெசிக்கோவை உதாரணமாகக் கொண்டு விளக்குக. (குறிப்பு: ஒல்லாந்து நிறுவனம், தூர்க்குத் தளம், 1933 ஆகிய மூன்றையும் விடையில் தொடர்புபடுத்துக.)